இதயம் தேறியது, மனம்?

ஓசூரிலிருந்து பெங்களூருவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் பங்கு மக்கள் பலருக்கு வேலைக்குச் செல்லும் வழி. நோயுற்றோர்க்கு உயிர் காக்கும் வழியும் அதுவே. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் இந்த எல்லைப்புற ஊருக்கு வந்து சேர்ந்தனர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இவ்வூரில் வேர் பிடித்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அவர்களுக்கு ஐம்பது வயது நெருங்கும் வேளையில்தான் நெஞ்சுவலி என்ற சொல் நம் பங்கில் அடிக்கடி கேட்கலாயிற்று.

அவர்களுள் ஒருவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறோம். அடையாளங்களைத் தவிர்த்தே எழுதுகிறோம். இரவுப் பணியின்போது அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. உடன் பணியாற்றியோர் தாமதியாமல் பெங்களூரு மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டு சென்றனர். அடைத்திருந்த இரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். நாமும் சென்றோம், செபித்தோம், நற்கருணை வழங்கினோம். "தம்பி, கடவுள் உங்களைக் காப்பாற்றிவிட்டார். இனி ஒன்றும் பயப்படாதீர்கள்" என்று சொல்லித் திரும்பினோம். அடுத்தடுத்து மும்முறை சென்றபோதும் அதையே சொன்னோம்.

மூன்று மாதங்கள் கழித்து, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவருடைய மனைவி நம்மிடம் வந்தார். "சாமி, இருதயம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது எங்க வீட்டுக்காரரே இல்ல சாமி. தூங்குறதில்ல, பேசுறதில்ல. வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. மாத்திரையைக்கூட மறைச்சு வச்சிடுறாரு" என்றார்.

நான்கு முறை அந்த வீட்டிற்குச் சென்ற நாம் ஒருமுறைகூட அவர் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பயப்படாதீர்கள் என்றோம், பயமாக இருக்கிறதா என்று வினவவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. மருத்துவ உலகம் மட்டும் இந்தக் கேள்வியைத் தொடக்கம் முதலே கேட்டுவந்ததா? வரலாற்றைப் புரட்டினால், அதுவும் நெடுங்காலம் தயங்கி, தடுமாறியே இதைக் கற்றுக்கொண்டது என்பது புலனாகிறது.

போர்க்களத்திலிருந்து அவ்வரலாறு தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பிலடெல்பியா நகரில் ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்னும் மருத்துவர் விந்தையானதொரு நோயைக் கண்டார். படைவீரர்கள் நெஞ்சுவலி என்றும், படபடப்பு என்றும், மூச்சுத்திணறல் என்றும் கூறி மருத்துவமனைக்கு வந்தனர். சோதித்துப் பார்த்தால் இதயத்தில் பெரும்பாலும் பழுது ஏதும் தென்படவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து, 1871இல் அவர் தம் கட்டுரையை வெளியிட்டார். 'எளிதில் கிளர்ச்சியுறும் இதயம்' என்பது அவர் அந்நோய்க்கு இட்ட பெயரின் பொருள். முதல் உலகப்போரில் அதே நோய் 'போர்வீரனின் இதயம்' என்னும் பெயரோடு மீண்டும் வந்தது. பிரிட்டனைச் சேர்ந்த இதயநோய் அறிஞர் தாமஸ் லூயிஸ் 1918இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இத்தகைய வீரர்களைப் படுக்கையில் கிடத்தி வைப்பதைவிட, படிப்படியான உடற்பயிற்சியால் தேற்றுவதே மேல் என்று அவர் கண்டார்.

மனம் இதயத்தின் வழியாகப் பேசக்கூடும் என்பதை இந்த வீரர்கள் மருத்துவர்களுக்குக் கற்பித்தனர். ஆனால் இதயம் உண்மையாகவே பழுதுறும்போது மனத்திற்கு என்ன நேர்கிறது? அந்த மறுபக்கத்தைப் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

காரணம் எளிது. அந்நாள்களில் மாரடைப்பு கண்டவர் பிழைப்பதே அரிது. பிழைத்தவரை ஆறு வாரம் வரை அசையாமல் படுக்க வைப்பதே வழக்கம். தாமே உண்ணவும் திரும்பிப் படுக்கவும் கூடத் தடை. அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று பாஸ்டன் நகர மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்டு லவுனும் 1952இல் எழுதியபோது, அது துணிச்சலான கருத்தாகவே கருதப்பட்டது. நோயாளி உட்காரலாமா என்பதே விவாதமாக இருந்த காலத்தில், அவர் உள்ளம் என்ன பாடுபடுகிறது என்று யார் கேட்பார்?

1961இல் பிரிட்டனைச் சேர்ந்த டெஸ்மண்டு ஜூலியன், மாரடைப்பு கண்டவர்களை ஒரே இடத்தில் வைத்து, அவர்களுடைய இதயத் துடிப்பை இரவும் பகலும் கருவிகளால் கண்காணிக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அடுத்த ஆண்டிலிருந்து அத்தகைய தீவிர இதயக் கண்காணிப்புப் பிரிவுகள் பல நாடுகளில் தோன்றின. பிழைத்து எழுவோர் தொகை பெருகியது. அப்போதுதான் புதிய கேள்வி பிறந்தது. ஓயாமல் ஒலி எழுப்பும் கருவிகளுக்கு நடுவே, அடுத்த கட்டிலில் ஒருவர் உயிருக்குப் போராடுவதைப் பார்த்தபடி படுத்திருக்கும் மனிதனின் மனநிலை என்ன?

இக்கேள்வியைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர்கள், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த உளநல மருத்துவர்கள் தாமஸ் ஹாக்கெட்டும் நெட் காசெமும் ஆவர். இவர்களுள் காசெம், நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியவர். அவர் இயேசு சபைத் துறவி. குருத்துவத்தையும் மருத்துவத்தையும் ஒருசேர ஏற்றவர். 1989 முதல் 2000 வரை அம்மருத்துவமனையின் உளநலத் துறைக்குத் தலைமை தாங்கி, 2015இல் இறைவனடி சேர்ந்தார்.

ஹாக்கெட்டும் காசெமும் மற்றொரு தோழரும் சேர்ந்து, கண்காணிப்புப் பிரிவில் இருந்த 50 நோயாளிகளிடம் பேசிக் கண்டவற்றை 1968இல் வெளியிட்டனர். முடிவுகள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தன. கருவிகள் நோயாளிகளை அச்சுறுத்தும் என்று எண்ணியிருந்தனர். பலருக்கோ அவை தம்மைக் காக்கும் காவலாளியாகத் தோன்றின. 'எனக்கு ஒன்றும் பயமில்லை' என்று மறுத்தவர்களும் பலர். மரணத்தின் விளிம்பைத் தொட்ட ஒருவர் அச்சமே இல்லை என்பது பொய்யா? இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள். பெருவெள்ளம் வரும்போது மதகை அடைப்பதுபோல, தாங்கவொண்ணாத செய்தியை மனம் சிலநாள் வெளியே நிறுத்தி வைக்கிறது. முதல் நாள்களில் அது காப்பாகவும் அமைகிறது.

ஆனால் அடைத்த மதகு அப்படியே இருப்பதில்லை. 1971இல் காசெமும் ஹாக்கெட்டும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், அப்பிரிவில் சேர்க்கப்பட்ட 441 பேரில் 145 பேருக்கு உளநல மருத்துவரின் உதவி நாடப்பட்டது தெரியவந்தது. மூவரில் ஒருவர்! அதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் இரு நாள்களில் பதற்றத்திற்காக அழைத்தனர். மூன்றாம் நாளிலிருந்து மனச்சோர்வுக்காக அழைத்தனர். உயிர் தப்பியாயிற்று என்று உறவினர் மகிழத் தொடங்கும் வேளையில்தான், நோயாளிக்குத் தாம் இழந்தது என்ன என்பது உறைக்கத் தொடங்குகிறது.

அதே ஆண்டில், வீடு திரும்பிய 24 பேரைத் தொடர்ந்து கவனித்த இன்னோர் ஆய்வையும் அக்குழுவினர் வெளியிட்டனர். பெரும்பாலோர் வீட்டில் பதற்றத்தோடும் சோர்வோடும் இருந்தனர். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது போன்ற தெளிவற்ற அறிவுரைகளே வீட்டில் சச்சரவுக்கு வித்திட்டன. படியேறலாமா, குழந்தையைத் தூக்கலாமா, மீண்டும் வேலைக்குப் போகலாமா என்று நோயாளி ஒன்று சொல்ல, மனைவி ஒன்று சொல்ல, அன்பே கண்காணிப்பாக மாறியது. இதைப் படித்தபோது நம் கண்முன் நின்றது பாஸ்டன் நகரத்து வீடு அன்று. சிப்காட்டுக்கு அருகே நாம் நான்கு முறை சென்று வந்த வீடே.

இங்கே குருக்களாகிய நம்மைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1969இல் அக்குழுவினர் எழுதிய கட்டுரை ஒன்றின் பொருள், இதய நோயாளிகள் இறுதி அருளடையாளத்தை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது. கட்டிலருகே குரு வந்து நிற்கும் அந்த நேரமும் நோயாளியின் மனநிலையோடு தொடர்புடையது என்று மருத்துவ ஏடொன்று கருதியது நம்மை வியக்க வைக்கிறது. அந்நாளில் நம் மக்கள் அதை 'அவஸ்தை பூசுதல்' என்றே அழைத்தனர். எண்ணெய்ச் சிமிழோடு சாமியார் தெருவில் நடந்தால், யார் வீட்டில் சாவு என்று கேட்ட காலம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டைப் பற்றிய தன் ஏட்டில், அவ்வருளடையாளம் சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்று தெளிவுபடுத்தியது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை ஒப்புதல் அளித்து வெளியிட்டார். 'நோயில் பூசுதல்' என்ற பெயர் நிலைபெற்றது.

இவ்விரு வரலாறுகளும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தவை என்பதை எண்ணிப் பார்க்கிறோம். மரணப்படுக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவம் நோய்ப்படுக்கையின் பக்கம் திரும்பிய அதே காலத்தில், திருச்சபையும் திரும்பியது. ஒன்று மற்றொன்றைப் பார்த்துக் கற்றது என்று சொல்லமாட்டோம். இரண்டுமே, பிழைத்திருப்பவனுக்கும் துணை வேண்டும் என்பதை உணர்ந்தன.

வழிதவறிய பாதைகளும் இவ்வரலாற்றில் உண்டு. 1959இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் மேயர் பிரீட்மனும் ரே ரோசன்மனும், ஓயாத அவசரமும் போட்டி மனமும் சினமும் உடைய ஒருவகைக் குணமே மாரடைப்பை வரவழைக்கிறது என்றனர். அக்கருத்து உலகெங்கும் பரவியது. பின்னர் வந்த பல ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அதனுள் பகைமையும் சினமும் மட்டுமே ஓரளவு தேறின. ஆயினும் 'உன் குணந்தான் உன் நோய்க்குக் காரணம்' என்னும் பேச்சு வீடுகளில் தங்கிவிட்டது. நம் ஊர்களில் அது 'என்ன பாவம் செய்தானோ' என்று வேறு உருவில் ஏற்கெனவே இருந்ததுதான். வீழ்ந்து கிடப்பவன்மேல் பழியையும் சுமத்துவது மருத்துவமும் ஆகாது, மறையும் ஆகாது.

திருப்புமுனையாக அமைந்தது 1993ஆம் ஆண்டு. கனடாவின் மான்ட்ரியல் நகரில் நான்சி பிரேசர்-ஸ்மித் என்னும் பெண் ஆய்வாளரும், பிரான்சுவா லெஸ்பெரான்ஸ் என்னும் உளநல மருத்துவரும், இதயநோய் மருத்துவர் மாரியோ தலாஜிக்கும் ஒன்று சேர்ந்தனர். மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரை மருத்துவமனையிலேயே சந்தித்துப் பேசினர். அவர்களுள் 35 பேருக்குக் கடும் மனச்சோர்வு இருந்தது. ஆறு மாதத்தில், மனச்சோர்வு உற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரும், மற்றவர்களில் நூற்றுக்கு 3 பேரும் இறந்திருந்தனர். இதயம் எவ்வளவு பழுதுற்றது என்ற கணக்கைக் கழித்துப் பார்த்தபோதும் அவ்வேறுபாடு நிலைத்தது. மனச்சோர்வு நோயின் நிழல் மட்டுமன்று. உயிரையும் பறிக்கவல்ல நோய் என்று அன்று முதல் மருத்துவ உலகம் ஏற்கத் தொடங்கியது.

எவ்வாறு பறிக்கிறது? சோர்ந்த மனிதன் மாத்திரையை மறக்கிறான், நடப்பதை நிறுத்துகிறான், விட்ட புகையைத் தொடுகிறான். அது ஒரு வழி. உடலுக்குள்ளும் வழிகள் உள்ளன. இதயத் துடிப்பை நேரத்திற்கேற்ப விரைவாக்கியும் தணித்தும் ஆளும் நரம்புகளின் நெகிழ்வு குறைகிறது. இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகிறது. பதற்ற காலத்துச் சுரப்புகள் ஓயாமல் ஊறுகின்றன. மனம் வேறு, உடல் வேறு என்று நாம் வகுத்த எல்லைக்கோட்டை உடல் மதிப்பதில்லை.

அப்படியானால் மனச்சோர்வைக் குணப்படுத்தினால் ஆயுள் நீளுமா? இங்கே உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். 2002இல், மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ கண்டு மனச்சோர்வுற்ற 369 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மருந்து அவர்களுடைய இதயத்திற்குத் தீங்கற்றது என்று காட்டியது. 2003இல், 2,481 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், உளவழிச் சிகிச்சையால் சோர்வு தணிந்தது. ஆனால் இறப்பு குறையவில்லை. சிலர் இதனால் ஏமாற்றமடைந்தனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒருவன் இன்னும் சில ஆண்டுகள் வாழ்வான் என்பதற்காக மட்டுமா அவன் கண்ணீரைத் துடைக்கிறோம்? எஞ்சிய நாள்கள் எத்தனையாயினும், அவற்றை அவன் மனிதனாக வாழ வேண்டும் என்பதற்காகவும் அன்றோ!

இனி நம் சாலைக்கே திரும்புவோம். ஓசூரிலிருந்து வடக்கே செல்வோர் பெங்களூருவில் நுழையும் ஓசூர் சாலையின்மேல்தான் நிம்ஹான்ஸ் என்று நாம் அழைக்கும் தேசிய மனநல நிறுவனம் நிற்கிறது. 1974இல் அது இன்றைய வடிவம் பெற்றது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் கோரமங்களாவில் இருப்பது, இந்திய ஆயர் பேரவை 1963இல் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரி. அக்கல்லூரியின் உளநலத் துறைப் பேராசிரியர் கே. சீனிவாசன், நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வருவோரிடையே பதற்ற நோயும் மனச்சோர்வும் எவ்வளவு உள்ளன என்று ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார். மனநிலைக்கேற்பத் துடிப்பின் ஒழுங்கு எவ்வாறு மாறுகிறது என்பதும் அவரும் தோழர்களும் ஆராய்ந்த பொருளே. டா கோஸ்டா போர்வீரர்களிடம் கேட்ட கேள்வி, நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து நம் அண்டை நகரத்து நோயாளிகளிடமும் கேட்கப்பட்டது.

அதே கல்லூரியில் பயின்று 1976இல் பட்டம் பெற்றவர் சலீம் யூசுப். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் அவர் வழிநடத்திய 52 நாடுகளின் ஆய்வு 2004இல் வெளிவந்தது. வேலையிலும் வீட்டிலும் உள்ள நெருக்கடி, பணக் கவலை, மனச்சோர்வு ஆகியவை மாரடைப்பு கண்டவர்களிடம் மிகுதியாக இருந்ததை அது எடுத்துக்காட்டியது. 2007இல் அதன் தொடர்ச்சி, தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதிலேயே, மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்றது. 53 வயது என்றால் என்ன பொருள்? வீட்டுக் கடன் முடியவில்லை. மகள் திருமணம் ஆகவில்லை. மகன் கல்லூரியில் இருக்கிறான். அத்தகைய ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும்போது ஒரு குடும்பமே விழுகிறது. அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது சோம்பலால் அன்று.

நம் பங்கைச் சேர்ந்த அந்த மனிதரிடம் மீண்டும் சென்றோம். இம்முறை செபத்தோடு தொடங்கவில்லை. "இரவில் என்ன நினைவு வருகிறது?" என்று கேட்டோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தூங்கினா எழுந்திருக்க மாட்டேனோன்னு இருக்கு சாமி. எழுந்தாலும் எதுக்குன்னு இருக்கு" என்றார். அந்த இரு வரிகளில் பதற்றமும் சோர்வும் இரண்டும் இருந்தன. மாத்திரையை ஏன் மறைத்தார் என்பதும் விளங்கிற்று. அவர் மனைவியோடும் பேசி, இதய மருத்துவரிடம் இதைச் சொல்லச் செய்தோம். அவர் உளநல மருத்துவரிடம் அனுப்பினார். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா என்று உறவினர் முணுமுணுத்தனர். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்வதே அக்குடும்பத்திற்குப் பெரும்பாடாயிற்று. சில மாதங்களில் தூக்கம் திரும்பியது; பகல் பணிக்கு மாற்றிக் கொடுத்தனர். முற்றும் பழைய மனிதராகிவிட்டார் என்று எழுதினால் அது உண்மையாகாது. ஆனால் ஞாயிறுதோறும் கோவிலுக்கு நடந்து வருகிறார், மாத்திரையை மறைப்பதில்லை.

2008இல் அமெரிக்க இதயநோய்ச் சங்கம், இதய நோயாளிகள் எல்லாரிடமும் முதலில் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம் என்று பரிந்துரைத்தது. கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? ஆம் என்றால் மருத்துவரிடம் அனுப்புக. இதற்குப் பட்டம் வேண்டியதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையினர் கேட்கலாம். அன்பியப் பொறுப்பாளர் கேட்கலாம். அடுத்த வீட்டு அக்கா கேட்கலாம். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீட்டுவாசலுக்கே வருகின்றன. 14416 என்னும் எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. மருந்து வரும் வாசலில் கேள்வியும் சென்று சேர வேண்டும்.

கெத்சமணித் தோட்டத்தில் ஆண்டவர் தம் கலக்கத்தை மறைக்கவில்லை. நண்பர்களிடம் அதைச் சொன்னார், விழித்திருக்கும்படி வேண்டினார். நண்பர்கள் உறங்கிவிட்டனர். நாமும் நான்கு முறை அவ்வாறே உறங்கினோம். எண்ணெய்ச் சிமிழோடு அடுத்த வீட்டின் கதவைத் தட்டும்போது, 'பயப்படாதீர்கள்' என்று சொல்வதற்குமுன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவோம், கேட்போம்.